பட்டம் விடுகிற பையனைப் பார்த்திருக்கிறீர்களா?

கேள்வி: இரண்டு வருஷமாகத் தியானம் செய்கிறேன். பத்து நாள் மௌனப் பயிற்சிக்குப் போய்வந்தேன். கைப்பேசியில் செயலியும் இருக்கிறது. ஆனாலும் கண்ணை மூடினால் கடன் தவணையும் மேலதிகாரியின் முகமும்தான் வருகின்றன. 'மனத்தை வென்றவன் உலகை வென்றான்' என்று குருநானக் சொன்னதாகப் படித்தேன். சீக்கியர்களிடம் இதற்கென்று தனிப் பயிற்சி உண்டா? எத்தனை நாளில் பலன் தெரியும்? வீட்டில் தொந்தரவு அதிகம். தனியாக எங்காவது போய் இருந்து பழகவும் தயார்.
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் கடைசி வரியில்தான் சிக்கலே இருக்கிறது. தனியாகப் போகத் தயார் என்கிறீர்கள். நீங்கள் படித்த வாக்கியமோ, அப்படி வீட்டை விட்டுப் போனவர்களைப் பார்த்துச் சொன்னது.

சீக்கியர்கள் விடியற்காலையில் ஓதுவது ஜப்ஜி சாகிப். 38 பௌரிகள், அதாவது படிகள் கொண்டது. அவர்களுடைய வேதநூலான குரு கிரந்த் சாகிப்பின் 1,430 பக்கங்களும் இதில்தான் தொடங்குகின்றன. இதன் 28ஆம் படியில் வருகிறது, 'மனி ஜீதை ஜகு ஜீது'. அது நாத யோகிகளுக்குச் சொன்னது. காதைத் துளைத்துப் பெரிய வளையம் மாட்டி, உடம்பெல்லாம் சாம்பல் பூசி, ஒட்டுத்துணி போர்த்தி, தடியும் பிச்சைப் பையுமாகத் திரிந்தவர்கள் அவர்கள். போதும் என்ற மனமே உன் காது வளையமாக இருக்கட்டும், நாணம் பையாகட்டும், தியானத்தைச் சாம்பலாகப் பூசிக்கொள், சாவின் நினைப்பைப் போர்த்திக்கொள், நம்பிக்கையைத் தடியாக ஊன்றிக்கொள் என்கிறார் நானக். அவர்களுடைய சாமான் ஒவ்வொன்றையும் வாங்கி உள்ளே வைத்துவிடுகிறார்.

அதற்கு அப்புறம்தான் உங்கள் வாக்கியம். அதுவும் பாதிதான். முழு வரி இது: 'ஆயீ பந்தீ சகல ஜமாதீ, மனி ஜீதை ஜகு ஜீது.' ஆயீ பந்த் என்பது யோகிகளில் ஒரு பிரிவு. சகல மனிதரையும் உன் ஜமாத்து ஆளாக நினை, அதுவே உன் ஆயீ பந்த் என்கிறார். சகல, ஜமாத், மனம், ஜகம்: நமக்கு அகராதிகூட வேண்டியதில்லை. ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் முன்பாதியைக் கத்தரித்துவிடுகிறார்கள். பின்பாதி சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். முன்பாதியை மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச வேண்டியிருக்குமே!

யோகிகளோடு நானக் நேருக்கு நேர் மோதியதை, 1604இல் ஆதி கிரந்தத்தை, அதாவது குரு கிரந்த் சாகிப்பின் முதல் வடிவத்தை, ஏட்டில் எழுதிய பாய் குர்தாஸ் தம் பாட்டில் சொல்கிறார். இடம் பஞ்சாபில் படாலாவுக்கு அருகே அசல் என்ற ஊர், சிவராத்திரித் திருவிழா. துறவிக் கோலத்தைக் களைந்துவிட்டு மறுபடி குடும்பஸ்தன் ஆகிவிட்டாயே, பாலில் காடியை ஊற்றிவிட்டாயே என்று பங்கர்நாத் என்ற யோகி குத்துகிறார். உன் தாய்க்குப் பானை கழுவத் தெரியவில்லை போலிருக்கிறது என்கிறார் நானக். வீடு வேண்டாம் என்று கிளம்பியவன் சோற்றுக்கு அந்த வீட்டு வாசலில்தானே வந்து நிற்கிறாய் என்றும் கேட்கிறார். பேச்சோடு நிற்கவில்லை. கடைசிக் காலத்தில் ராவிக் கரையில், கர்தார்பூரில், உழுது பயிரிட்டுச் சாப்பிட்டார். மூத்த மகன் ஸ்ரீசந்த் துறவி. குருவின் இடம் அவருக்குப் போகவில்லை. மனைவி மக்களோடு வாழ்ந்த லெஹணாவுக்குப் போனது. அவர்தான் இரண்டாம் குரு அங்கத்.

மௌனத்துக்கும் ஜப்ஜியின் முதல் படியிலேயே பதில் இருக்கிறது. இடைவிடாமல் ஒன்றித்து உட்கார்ந்திருந்தாலும், வாய் மூடியதால் மனம் மூடிவிடாது என்கிறார் நானக். பத்து நாள் செலவழித்து நீங்களும் அதைத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

அப்படியானால் மனத்தை என்ன செய்வது? குரு கிரந்த் சாகிப்பில் நாமதேவரின் பாட்டு ஒன்று இருக்கிறது. அவர் நானக்குக்கு முந்தியவர், மராட்டியர், துணிக்கு அச்சுப் போடுகிற தொழில். காகிதத்தைக் கத்தரித்துப் பட்டம் செய்து விடுகிறான் ஒரு பையன். கூட நாலைந்து பேரோடு அரட்டை ஓயவில்லை. ஆனால் சித்தம் நூலில் இருக்கிறது. குடத்தில் தண்ணீர் மொண்டுவரும் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வருகிறார்கள், சித்தம் குடத்தில். ஐந்து கோசத் தொலைவில் மேய்கிற பசுவுக்குச் சித்தம் கன்றிடம். வீட்டுக்குள்ளும் வெளியிலுமாக வேலை பார்க்கும் தாய்க்குத் தொட்டிலில். இந்தப் பாட்டில் ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை, கவனித்தீர்களா? யாரும் அரட்டையை நிறுத்தவும் இல்லை. மாட்டை மேயவிடாமல் கட்டிப்போடவும் இல்லை.

எப்போது பார்த்தாலும் துணிக்கு அச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாயே, ராமனிடம் மனத்தை வைக்கக்கூடாதா என்று நண்பர் திரிலோசனர் இதே நாமதேவரைக் கேட்கிறார். கையும் காலும் எல்லா வேலையும் செய்யட்டும், சித்தம் நிரஞ்சனனோடு, மாசற்ற இறைவனோடு, இருக்கட்டும் என்பது பதில். குரு கிரந்த் சாகிப்பில் கபீரின் சலோகங்களுக்கு, அதாவது ஈரடிப் பாக்களுக்கு, நடுவே இந்தப் பேச்சு பதிவாகியிருக்கிறது. உங்கள் கேள்வியை அன்றைக்கே ஒருவர் கேட்டுவிட்டார்!

பயிற்சியே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். விடியலுக்கு முன் எழுந்து நாமம் சொல்வதும், சங்கத்தோடு, அதாவது அடியார் கூட்டத்தோடு, கூடி உட்கார்வதும் உண்டு. ஆனால் உதடு அசைந்தால் மட்டும் போதாது. சுல்தான்பூர் லோதி என்ற ஊரில் நடந்ததாக ஜனம்சாக்கிகள், அதாவது நானக்கின் வாழ்க்கைக் கதைகள், சொல்வது இது: தொழுகைக்கு வந்த நானக் சும்மா நிற்கிறார். ஏன் தொழவில்லை என்று நவாபு கோபிக்கிறார். யாரோடு தொழுவது, நீங்கள் காபூலில் குதிரை வாங்கிக்கொண்டிருந்தீர்கள், காஜியோ புதிதாகப் பிறந்த குதிரைக்குட்டி கிணற்றில் விழுந்துவிடுமோ என்று பதறிக்கொண்டிருந்தார் என்கிறார் நானக். உங்கள் கடன் தவணைக்கு நல்ல துணை இருக்கிறது, வருத்தப்படாதீர்கள்.

இன்னொன்று. 'இரண்டு வருஷம்', 'பத்து நாள்', 'எத்தனை நாளில்' என்று கணக்குப் போடுகிறீர்களே, அந்தக் கணக்குப்பிள்ளைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ஹௌமை. எல்லாவற்றிலும் 'நான், நான்' என்று முந்திக்கொண்டு நிற்பது. அது நீண்ட நாள் நோய், மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று குரு அங்கத் சொல்கிறார். மருந்து எப்படி இருக்கும் என்பதை அமிர்தசரஸ் பொற்கோயிலில், ஜோடா கர் என்கிற செருப்பு வைக்குமிடத்தில் பார்த்தேன். மழை நாள், என் செருப்பின் அடியில் சாணி. கூச்சத்தோடு நீட்டினேன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட பெரியவர் இரண்டு கையாலும் வாங்கி, மடியில் கிடந்த துணியால் அடியைத் துடைத்து, மாடத்தில் வைத்துவிட்டு வில்லையைக் கொடுத்தார். உதடு எதையோ முணுமுணுத்தபடியே இருந்தது. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அதற்குள் அடுத்த ஜோடி வந்துவிட்டது.

எத்தனை நாள் என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. அந்தப் பெரியவரிடம் கேட்டிருந்தால் எனக்கும் ஒரு துணியைக் கொடுத்திருப்பார். தனியிடத்துக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள். வீட்டுத் தொந்தரவு என்கிறீர்களே, தொட்டிலும் குடமும் அங்கேதான் இருக்கின்றன. அப்புறம் அந்த மேலதிகாரி. கண்ணை மூடினால் வருகிறார் என்கிறீர்கள். 'சகல ஜமாதீ'யில் அவரும் சேர்த்திதான். நாளைக் காலையில் கண்ணைத் திறந்துகொண்டே அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள்.