மேக் ஃபாஸ்ட்னா வேகமா இழுன்னு அர்த்தம் இல்ல தம்பி

கீழக்கரையில இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு: "சார், என் தம்பி இப்பத்தான் கப்பல்ல ட்ரெய்னியா ஏறியிருக்கான். கப்பல் துறைமுகத்துல அணையும்போது மேல இருந்த ஆபீசர் 'மேக் ஃபாஸ்ட்'னு கத்துனாராம், இவன் வேகமா இழுக்க சொல்றாருன்னு நெனச்சு கயித்த சரசரன்னு இழுத்துக்கிட்டே இருந்திருக்கான், நல்லா வஞ்சுட்டாராம். ஃபாஸ்ட்னா வேகம்னுதான படிச்சோம்? நோன்புக்கும் ஃபாஸ்டிங்னுதான் சொல்றாங்க. எத எங்க எடுத்துக்கறது?"

உங்க தம்பி மேல குத்தம் சொல்ல முடியாது. ஸ்கூல்ல நமக்கு ஸ்லோவுக்கு ஆப்போசிட் ஃபாஸ்ட், அதோட முடிஞ்சது. கப்பலுக்கு போற பசங்களுக்கு நான் இங்கிலீஷ் எடுக்கறேன், ஒவ்வொரு பேட்ச்லயும் ஒருத்தனாவது இதுல மாட்டுவான்.

உண்மையில ஃபாஸ்ட்டுக்கு மூத்த அர்த்தம் வேகம் இல்ல, கெட்டி. அசையாம, இறுக்கமா இருக்கறது. வேகம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. மேக் ஃபாஸ்ட்னா கயித்த கெட்டியா கட்டி நிறுத்துன்னு அர்த்தம். பாம்பன்ல வள்ளத்த கட்டும்போது கயித்த முளையில நாலு சுத்து சுத்தி இழுத்துப் பாத்து, நழுவலன்னு தெரிஞ்சப்புறம் தான கைய எடுக்கறோம், அதேதான், கப்பல்ல முளைக்கு பதிலா ரெட்டை இரும்புத் தூண், அதுல எட்டு போட்ட மாதிரி கயித்த சுத்துவாங்க. கட்டி முடிச்சிட்டா 'ஆல் ஃபாஸ்ட்'னு பதில் சொல்லணும். அவுத்து விடுறதுக்கு 'லெட் கோ'.

இந்த கெட்டிய வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும். ஃபாஸ்ட் கலர்னா கெட்டிச் சாயம், துவைச்சாலும் போகாது. ஃபாஸ்ட் அஸ்லீப்னா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம், வேகமா தூங்குறது இல்ல! நோன்பும் இதே வேர்தான், வாயையும் மனசையும் கெட்டியா பிடிச்சு நிறுத்துறது. பிரேக்ஃபாஸ்ட்டை ரெண்டா ஒடிச்சுப் பாருங்க, ராத்திரியெல்லாம் சாப்பிடாம இருந்தத முறிக்கறது, நம்ம பக்கம் நோன்பு திறக்கறதுன்னு சொல்ற மாதிரியேதான், என்ன, அங்க கஞ்சி கிடையாது. லேப்ல ஃபாஸ்டிங் சுகர்னு எழுதிக் குடுத்தாலும் இதே கணக்கு, எட்டு மணி நேரமாவது சாப்பிடாம போகணும், தண்ணி குடிக்கலாம்.

சரி, கெட்டி எப்படி வேகமாச்சு? கெட்டியான்னா பலமா, பலமா ஓடுனா விடாம ஓடுறது, விடாம ஓடுனா வேகம், இப்படி படிப்படியா நகந்திருக்கு. இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் வந்த கிறுக்குன்னு நெனைக்காதீங்க. நம்ம கடுமையும் இதே வழியில போயிருக்கு. கடுகி வந்தான்னா வேகமா வந்தான், கடும்பரின்னா பாய்ஞ்சு ஓடுற குதிரை. இலங்கை வானொலி கேட்டு வளந்த நம்ம கரைக்காரங்களுக்கு கடுகதி ரயில்னா என்னன்னு சொல்லவே வேணாம், எக்ஸ்பிரஸ் ரயில்தான்.

இப்ப தம்பிக்கு சொல்ல வேண்டியது. தனியா ஃபாஸ்ட்டை மட்டும் கேக்காம முன்னாடி நிக்கிற வார்த்தைய கேக்க சொல்லுங்க. மேக், ஹோல்ட், ஸ்டாண்ட் வந்தா கெட்டி. ரன், டிரைவ் வந்தா வேகம். கடிகாரம் ஃபாஸ்ட்னா அது வேகமும் இல்ல கெட்டியும் இல்ல, நேரத்த தாண்டி ஓடுது. காத்துலயும் இன்ஜின் சத்தத்துலயும் சரியா காதுல விழலன்னா வெக்கப்படாம 'சே அகெய்ன்'னு கேக்கலாம், அது கப்பல்காரங்க முறையா பயன்படுத்துற வார்த்தைதான், 2001ல சர்வதேச கடல்சார் அமைப்பு ஏத்துக்கிட்ட கப்பல் இங்கிலீஷ் தொடர்கள்லயே இருக்கு, யாரும் வைய மாட்டாங்க. இன்னொண்ணு, கயிறு விறைச்சு நிக்கும்போது அது அறுந்தா பாயுற பக்கம் நிக்கவே கூடாதுன்னு சொல்லி வைங்க, அங்க அர்த்தம் யோசிக்கவெல்லாம் நேரம் இருக்காது.