பித்தளை ஏனம்: வாங்கும் முன், அடுப்பேற்றும் முன்

(நுகர்வோர் கேள்வி-பதில்)

தை நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் பானை வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். இந்த முறை அத்தனையும் பித்தளை, வெண்கலம், ஈயம். சுருக்கித்தான் போட்டிருக்கிறோம்.

கேள்வி: மகள் சீருக்கு வெண்கலப் பானை என்று கேட்டுத்தான் டவுனில் ஒரு கடையில் வாங்கினோம், அண்ணாச்சி. சம்பந்தி வீட்டுப் பெரியவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பித்தளைல்லா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். பில்லில் "பாத்திரம் - 1" என்று மட்டும் இருக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்.
– பாளையங்கோட்டை

பதில்: உங்கள் பேரில் தப்பில்லை அம்மா. நீங்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் தட்டிப் பார்த்த சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். கனமாக வார்த்த பித்தளையும் ஓரளவு கணீரென்றுதான் கேட்கும். வார்ப்பு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோய், அடிப்புறத்தில் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். உராய்ந்த இடம் நல்ல மஞ்சளாக இருந்தால் பித்தளை. மஞ்சள் வெளுத்து, சாம்பல் ஓடினாற்போல் இருந்தால் வெண்கலம். பித்தளையில் செம்போடு துத்தநாகம்; வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயம், கணீரென்று ஒலிக்கும் வார்ப்பில் ஏறத்தாழ 78-க்கு 22. வெள்ளீயம் துத்தநாகத்தைப்போல் பல மடங்கு விலை. மாற்றிக் கொடுப்பதில் உள்ள லாபம் அங்கேதான்.

பித்தளை என்று உறுதியானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

இனி என் வழக்கமான புலம்பல். "பாத்திரம் - 1" என்பது பில்லே இல்லை. கால் பவுன் கம்மலுக்கு மில்லிகிராம் வரை எழுதி வாங்குகிற நாம், ஐந்து கிலோ உலோகத்தைத் துண்டுச் சீட்டோடு தூக்கிக்கொண்டு வருகிறோம். பில்லில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: உலோகத்தின் பெயர், எடை, கிலோ விலை, செய்கூலி. செய்கூலியைக் கிலோ விலைக்குள் ஒளித்துவைத்தால், நாளைக்கு அதே கடையில் பழசாகப் போடும்போது என்ன கழிக்கிறார்கள் என்றே தெரியாது. மூடியையும் கரண்டியையும் சேர்த்து நிறுத்தினால் அவை என்ன உலோகம் என்று கேளுங்கள். எவர்சில்வர் கரண்டி வெண்கல விலைக்குப் போவது நடக்கிற சங்கதி. தராசில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். எடை குறைந்தால் புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை. கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கேள்வி: ஈயம் பூசாத பித்தளைச் சட்டியில் சொதி வைக்கலாமா? எலுமிச்சம்பழம் இறக்கினபிறகுதானே பிழிகிறோம்?
– மேலப்பாளையம்

பதில்: கூடாது.

கேள்வி: 350 ரூபாய் கொடுத்து உருளிக்கு ஈயம் பூசினேன். ஒரே மாதத்தில் அடியில் மஞ்சள் தெரிகிறது. பூசியவர் ஏமாற்றிவிட்டாரா?
– சங்கரன்கோவில்

பதில்: இரண்டு பேரில் ஒருவர் காரணம். அது நீங்களாகவும் இருக்கலாம். உருளியில் தாளித்தீர்களா? வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். கடுகு வெடித்தபிறகும் எண்ணெயைக் காயவிட்டால் சூடு அதற்குப் பக்கத்தில் போய்விடும். பூச்சு இளகி, கரண்டி பட்ட இடமெல்லாம் வழித்துக்கொண்டு வரும். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். ஏனத்தில் தண்ணீரோ பாலோ ஊற்றியபிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். அகப்பை மரமாக இருக்கட்டும். கம்பி நாரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இதில் எதையும் செய்யவில்லை என்றால் பூச்சில்தான் கோளாறு. அடுத்த முறை பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் புளியும் உப்பும் போட்டு, பிறகு செங்கல் பொடியால், உள்பக்கம் முழுக்க ஒரே மஞ்சளாகும்வரை தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ களிம்போ ஒரு பொட்டு இருந்தாலும் அங்கே ஈயம் பிடிக்காது. கரி நெருப்பில் சூடேற்றி ஈயக் கட்டியைத் தொட்டுப் பார்ப்பார். தொட்டதும் இளகினால் சூடு போதும். நவச்சாரப் பொடி தூவ வெள்ளைப் புகை எழும்பும். அந்தச் சூட்டிலேயே ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் வழித்துப் பரப்ப வேண்டும். சூடு மிஞ்சினால் பூச்சு மங்கி மஞ்சளோடும். குறைந்தால் திட்டுத்திட்டாக உறையும். கைக்கு வந்ததும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். விளிம்புக்குக் கீழேயும் அடி வளைவிலும்தான் விட்டுப்போகும். நாள்பட மேலே சாம்பல் படர்வது குற்றமில்லை. மஞ்சள் தெரிந்தால்தான் மறுபடி பூச வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், எந்த ஈயம் என்பது: பூச வேண்டிய வெள்ளீயமா, நஞ்சான காரீயமா. பூசும் முன் கட்டியை வாங்கி வெள்ளைத்தாளில் கோடு இழுங்கள். பென்சில் மாதிரிக் கருங்கோடு விழுந்தால் காரீயம் கலந்திருக்கிறது. அந்த ஏனத்தில் பிள்ளைகளுக்குச் சோறு பொங்காதீர்கள். மின்சாமான் கடையில் விற்கும் சால்டர் கம்பியை உருக்கிப் பூசுகிறவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 60-க்கு 40 கம்பி என்றால் அந்த 40 காரீயம்.

கேள்வி: ரசம் வைக்கலாம் என்று புது ஈயச்சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு, போன் வந்ததால் முன்வாசலுக்குப் போனேன். வந்து பார்த்தால் பாதி சொம்பைக் காணோம். போலிச் சரக்கை விற்றுவிட்டார்கள். எப்படிப் புகார் கொடுப்பது?
– வள்ளியூர்

பதில்: யார்மேல்? வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தால் அசல் சரக்கும் ஓடத்தான் செய்யும். உருகி உறைந்ததை வீசாதீர்கள், எடைக்கு எடுப்பார்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய "பித்தளை" நந்தியில் காந்தம் ஒட்டவில்லை. அப்படியானால் அசல்தானே?
– தென்காசி

பதில்: இல்லை. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு என்று தெரியும். ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. துத்தநாகக் கலவையும் அலுமினியமும்கூட ஒட்டாது. என் வீட்டுக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கும் யானையும் காந்தத்தில் ஒட்டாததுதான்.

நந்தியை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் தண்ணீர் உள்ள பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நந்தியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். முதல் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுக்க வேண்டும். 850 கிராம் நந்தி 100 காட்டினால் விடை 8.5, பித்தளைதான். 128 பக்கம் காட்டினால் 6.6, துத்தநாகக் கலவை. 300-ஐத் தாண்டினால் அலுமினியம். அடியை மூடி உள்ளே வெற்றிடம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. பித்தளையையும் வெண்கலத்தையும் இதைக்கொண்டு பிரிக்கவும் முடியாது.

கேள்வி: ஆச்சி காலத்துப் பித்தளைக் குடம், தொழுவத்துப் பரணில் இருந்தது. கீழே விழவே இல்லை. கழுத்தோரம் கோடுகோடாக விரிசல்.
– களக்காடு

பதில்: தொழுவம்தான் காரணம். தட்டியும் இழுத்தும் உருவாக்கிய பித்தளைக்குள் அந்த இறுக்கம் அடங்கிக் கிடக்கும். மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஈரக்காற்றோடு அதில் பட்டால் விரிசல் ஓடும். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இது தோட்டாவில் நடந்தது. தோட்டாக் கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் கூடுகள் தானாக வெடிப்பு விட்டன. அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் விளங்கியது. அளவாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்துவதே அதற்கு வைத்தியம்.

உங்கள் குடத்தைப் பற்றவைத்தாலும் விரிசல் பக்கத்தில் மறுபடி கிளம்பும். தண்ணீருக்கு வேண்டாம், ஆச்சி நினைவாக வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஏனங்களையும் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். யூரியா மூட்டை இருக்கும் அறையும் ஆகாது, ஈரம் பட்டால் அதுவும் அம்மோனியாதான்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் சுட்டு முடிந்த காலித் தோட்டாக் கூடுகள் கொண்டுவருகிறேன் என்கிறான். பளபளவென்று இருக்கும், பேனா தாங்கி செய்யலாமாம்.
– அம்பாசமுத்திரம்

பதில்: இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டாக் கணக்கில்தான் வரும். விமான நிலையத்தில் பையிலிருந்து எடுத்தால் பேனா தாங்கி என்று சொல்லித் தப்ப முடியாது.

கேள்வி: புதுக் குத்துவிளக்கைப் புளி போட்டு எவ்வளவு தேய்த்தும் அங்கங்கே மட்டும் வெளுக்கிறது. மட்டமான பித்தளையா?
– திசையன்விளை

பதில்: மேலே வார்னிஷ் பூச்சு இருக்கிறது. அது உரிந்த இடத்தில் மட்டும் புளி வேலை செய்கிறது. கொதிநீரில் சமையல் சோடா கரைத்து ஊறவைத்துத் துணியால் உரியுங்கள். விடாப்பிடியாக இருந்தால் பெயிண்ட் தின்னர், வெளியில் வைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல். விளக்கைக் கழற்றும்போதே தண்டின் உள்ளேயும் பீடத்தின் அடியிலும் பாருங்கள்: அரக்கோ சிமெண்டோ அடைத்திருந்தால் அதையும் பித்தளை விலைக்குத்தான் வாங்கியிருக்கிறீர்கள். பில்லோடு கடைக்குப் போங்கள்.