கோ விளையாட்டைக் குழுவாக ஆடும்போது முதல் காய்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் ஒரே அணியாகக் கோ ஆடப்போகிறோம். தொடக்கக் காய்களை வாக்கெடுத்து முடிவு செய்யலாமா?

தாராளமாக வாக்கெடுக்கலாம். கோ என்பது கருப்பும் வெள்ளையும் பலகைக் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் மாறிமாறிக் காய் வைத்து நிலம் பிடிக்கும் ஆட்டம். ஆனால் புள்ளிக்கு வாக்குக் கேட்காதீர்கள், திட்டத்துக்குக் கேளுங்கள். ஓர் ஆட்டத்தைப் பறிகொடுத்த பிறகுதான் எங்களுக்கு இது புரிந்தது.

எங்கள் குழுவில் 14 பேர். நாளுக்கு ஒரு காய். எதிரே எங்கள் எல்லோரையும்விட வலுவான ஒருவர். எங்களுக்குக் கருப்பு. அவரவருக்குப் பிடித்த புள்ளியை எழுதி அனுப்புவோம், அதிக வாக்கு விழுந்த இடத்தில் காய் வைப்போம். முதல் காயிலேயே கோளாறு. 9 பேர் விரும்பியது கொமொகு, அதாவது ஒரு விளிம்பிலிருந்து 3ஆம் கோடும் மற்ற விளிம்பிலிருந்து 4ஆம் கோடும் சந்திக்கும் புள்ளி. 5 பேர் விரும்பியது 4-4 நட்சத்திரப் புள்ளி, அதாவது இரு விளிம்பிலிருந்தும் 4ஆம் கோடுகள் சந்திக்கும் இடம். காய் போய் அமர்ந்ததோ நட்சத்திரத்தில். பலகையில் கொமொகு 8 இடங்களில் இருப்பதால் அந்த 9 வாக்குகளும் நான்கு, மூன்று, இரண்டு என்று சிதறிவிட்டன. நட்சத்திரக்காரர்கள் ஐவரும் வலது மேல் மூலையையே எழுதியிருந்தார்கள். கருப்பு தன் முதல் காயை அங்கே வைப்பது மரியாதை என்ற வழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

19க்கு 19 பலகையில் மொத்தம் 361 புள்ளிகள். காலிப் பலகையைச் சுற்றியும் புரட்டியும் பார்த்தால் உண்மையில் வேறுவேறானவை 55 மட்டுமே. அதனால் முதல் காய்க்குக் கொமொகுவா, நட்சத்திரமா, 3-3ஆ (இரு விளிம்பிலிருந்தும் 3ஆம் கோடுகள் சந்திக்கும் புள்ளி) என்று மட்டும் கேளுங்கள். எந்த மூலை என்பது பிறகு. நட்சத்திரத்தில் தொடங்கினால் பலகை மூலைவிட்டத்தின் இரு பக்கமும் இன்னும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே அடுத்த வாக்கிலும் கண்ணாடிப் புள்ளிகளை ஒன்றாகவே எண்ண வேண்டும். கொமொகுவில் தொடங்கினால் அந்தத் தொல்லை அதோடு முடிந்தது.

இது கணக்குப் பிழை, எளிதில் திருத்திவிடலாம். எங்களைக் கவிழ்த்தது வேறு. மூன்றாவது காய்க்குச் சீனத் தொடக்கம் வென்றது: ஒரு மூலையில் நட்சத்திரம், அதே பக்கத்தின் மறு மூலையில் கொமொகு, அந்த மூலையை அடைக்காமல் ஓரத்தின் நடுவை ஒட்டி ஒரு காய். வெள்ளை மூலையை நெருங்கினால் நம் காய்களுக்கு இடையில் வந்து நிற்கும். அதை விரட்டிக்கொண்டே நிலம் பிடிப்பதுதான் இதன் உயிர். வெள்ளையும் நெருங்கி வந்தது. ஆனால் அன்றைக்கு வாக்குப் போட்டவர்களில் பாதிப் பேர் வேறு ஆட்கள். மூலையைக் காப்பதுதான் முக்கியம் என்று அவர்களுக்குப் பட்டது. ஒரு நாள் காப்பு, மறுநாள் தாக்கு, அதற்கு மறுநாள் மீண்டும் காப்பு. வெள்ளை நிம்மதியாகக் கால் நீட்டிக்கொண்டது. ஒவ்வொரு காயும் தனியே பார்த்தால் நல்ல காய். சேர்த்துப் பார்த்தால் 14 பேரில் எவருடைய ஆட்டமும் அல்ல.

1933 அக்டோபரில் கோ செய்கென் என்ற 19 வயது ஆட்டக்காரர், ஹொனின்போ என்ற பழைய ஜப்பானிய கோ மரபின் தலைவர் ஷூசாய்க்கு எதிராக முதல் மூன்று காய்களை 3-3இலும், எதிர் மூலை நட்சத்திரத்திலும், பலகையின் நட்டநடுவான தெங்கெனிலும் வைத்தார். ஹொனின்போ மரபில் 3-3 தொடக்கம் விலக்கப்பட்ட ஒன்று. எந்தக் குழுவின் வாக்கிலும் அந்த மூன்றும் வரிசையாக வென்றிருக்காது. ஒரே மனதில் உதித்ததால்தான் அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அதே ஆட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேண்டியபோது ஆட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமை ஷூசாய்க்கு இருந்தது. ஆட்டம் 1934 ஜனவரி வரை நீண்டது, 2 மதிப்பெண் வித்தியாசத்தில் அவர் வென்றார். வெற்றிக்கு வழிவிட்ட 160ஆவது காயை, ஆட்டம் நின்றிருந்த வேளையில் கண்டுபிடித்தது அவருடைய சீடர் மாயேதா நொபுஆகிதான் என்ற பேச்சு இன்றுவரை உண்டு. அந்தப் பேச்சு எப்படியோ போகட்டும். நடு ஆட்டச் சண்டையில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு விடை இருக்கிறது, அங்கே பல கண்கள் உதவும். தொடக்கத்திலோ நல்ல வழிகள் பல. ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் அவை கெடுகின்றன.

அதனால் இரண்டாவது ஆட்டத்தில் முறையை மாற்றினோம். யோசனை சொல்பவர் ஒரு காயை மட்டும் காட்டினால் போதாது. அடுத்து வரும் மூன்று காய்களையும், வெள்ளையின் மிகக் கடுமையான பதிலையும் சேர்த்துக் காட்ட வேண்டும். வென்ற திட்டத்துக்கு அவரே காவலர். அந்தப் பகுதி முடியும்வரை அவர் சொல்லும் காய்தான். பாதிப் பேர் மறுத்தால் மட்டும் மறுவாக்கு.

ஜோசெகி, அதாவது மூலையில் இரு தரப்பும் ஆடும் நிலைபெற்ற காய் வரிசை, அந்த விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எங்களில் ஒருவருக்குத் தைஷா மேல் அவ்வளவு ஆசை. நூறு மாற்றங்கள் கொண்டது என்று ஜப்பானியர் சொல்லும் ஜோசெகி அது. அவர் ஊருக்குப் போன வாரத்தில் வெள்ளை ஒரு கிளை திரும்பினால் எங்கள் கதி என்ன? ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பாதையைக் குழு தொடவே கூடாது.

பல தரத்தினர் கலந்த அணிக்கு நான் சொல்வது சான்ரென்செய். ஒரு பக்கத்தின் இரு மூலைகளிலும் நடுவிலும் உள்ள மூன்று நட்சத்திரப் புள்ளிகளையும் வரிசையாகப் பிடிப்பது அது. பாடம் படிக்காதவருக்கும் திட்டம் கண்ணுக்கே தெரியும்: நடுப்பலகை நோக்கி விரிய வேண்டும், உள்ளே வருபவரை விரட்ட வேண்டும். எங்கள் இரண்டாவது ஆட்டத்தில் இதை முன்வைத்தவர், விளையாடக் கற்று நான்கு மாதம்கூட ஆகாத ஒரு பெண். காவலரும் அவரேதான். 31 காய்வரை அவர் பிடியை விடவில்லை. மறுவாக்கு யாரும் கேட்கவில்லை.