கைமொழி புரிகிறதா, சூழ்நிலை புரிகிறதா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பிறவியிலேயே காது கேட்காது. போன வருடம் சிறப்புப் பள்ளியில் சேர்த்தோம். வீட்டில் நாங்கள் சைகையில் சொல்வதெல்லாம் அவளுக்கு டக்கென்று புரிகிறது. ஆனால் டீச்சரோ, 'சைகை மொழி இன்னும் சரியாகப் புரியவில்லை' என்கிறார். எதை நம்புவது?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம் அம்மா. 'சாப்பிட வா' என்று நீங்கள் கை காட்டும்போது தட்டு எடுத்து வைத்தாயிற்று, தோசை வாசம் வந்தாயிற்று. கையை அசைக்காவிட்டாலும் அவள் வந்து உட்காருவாள். மொழி புரிகிறதா என்று பார்க்க வேண்டுமானால் இந்தத் துணைகளை எல்லாம் விலக்கிவிட வேண்டும்.

பிரிட்டிஷ் சைகை மொழிக்கு ரோஸ் ஹெர்மன், சாலி ஹோம்ஸ், பென்சி வோல் மூவரும் 1999-இல் இப்படி ஒரு தேர்வை வெளியிட்டார்கள். 3 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கானது. வீடியோவில் ஒருவர் சைகையில் ஒரு வாக்கியம் சொல்வார். குழந்தை அதற்குப் பொருத்தமான படத்தைக் காட்ட வேண்டும். மொத்தம் 40 வாக்கியங்கள். முதலில் தேர்வில் வரும் சொற்கள் குழந்தைக்குத் தெரியுமா என்று பார்த்துக்கொள்வார்கள். சைகை ஊருக்கு ஊர் மாறும். ஒரு சொல் தெரியாததால் இலக்கணமே தெரியாது என்று ஆகிவிடக் கூடாது அல்லவா? அந்தத் தேர்வை அப்படியே எடுத்து உங்கள் மகளுக்கு வைக்க முடியாது. நம்முடைய இந்திய சைகை மொழியின் இலக்கணம் வேறு. ஆனால் அந்த முறையை வீட்டில் செய்து பார்க்கலாம்.

நான்கு படங்கள் வரையுங்கள். மேசைமேல் ஒரு பந்து, மேசைக்கு அடியில் ஒரு பந்து, மேசைமேல் நிறையப் பந்துகள், பந்தே இல்லாத மேசை. 'பந்து இல்லை' என்று சைகையில் சொல்லுங்கள். இந்திய சைகை மொழியில் 'இல்லை' கடைசியில் வரும், கூடவே தலையும் அசையும். 'பந்து' என்ற சைகையைக் கண்டதுமே பந்துள்ள படத்தைத் தொடுகிற பிள்ளைக்குச் சொற்கள் தெரியும். வாக்கியம் இன்னும் பிடிபடவில்லை. டீச்சர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் சரியான படத்தைப் பார்க்காதீர்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பையன், விரலைப் படங்களுக்கு மேலே மெதுவாக நகர்த்திக்கொண்டே எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பான். புருவம் லேசாக உயர்ந்தால் போதும், விரல் அங்கேயே இறங்கிவிடும். அதனால்தான் வீடியோ நல்லது. அப்புறம், நான்கில் ஒன்று குருட்டாம்போக்கிலும் சரியாகும். வேறு பொருட்களை வைத்துப் பல முறை பாருங்கள்.

தவறினால் அவளுக்கு அறிவு குறைவு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். காது கேட்கும் குழந்தை பிறந்த நாளிலிருந்து வாக்கியங்களைக் கேட்கிறது. உங்கள் மகள் முழு வாக்கியங்களைக் கண்ணால் பார்க்கத் தொடங்கியதே போன வருடம்தான். பள்ளியில் மட்டும் பார்த்தால் போதாது. நீங்களும் அவள் அப்பாவும் கற்றுக்கொள்ள வேண்டும். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் பத்தாயிரம் சைகைகள் வீடியோவாக இருக்கின்றன, இணையத்தில் பார்க்கலாம். அதைவிட நல்லது, சரளமாக சைகை பேசும் காது கேளாத பெரியவர் ஒருவரைப் பள்ளி மூலம் விசாரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு அழைப்பது. எந்த வகை வாக்கியத்தில் அவள் தடுமாறுகிறாள் என்று டீச்சரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, முதலில் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.