ஜாக்கியைத் திருடனாக்கியது யார்?

கேள்வி: யூகேஜி படிக்கும் என் பேத்தி, ராணி சுட்ட பலகாரத்தைச் சீட்டுக்கட்டு ஜாக்கி திருடிக்கொண்டு ஓடுகிற ஆங்கிலப் பாட்டைப் பாடுகிறாள். குன்றேறி விழுந்த ஜாக்கும் அதே சீட்டுதானே? அந்தச் சீட்டின் ஆங்கிலப் பெயருக்கு 'அயோக்கியன்' என்று அகராதியே சொல்கிறது. பிஞ்சு மனதில் சூதும் திருட்டும்தான் பதிய வேண்டுமா? இந்தப் பாட்டுகளை நிறுத்தச் சொல்லி எழுதுங்கள்.
(ஒரு வாசகர், கரூர்)

பதில்: எழுத மாட்டேன்.

முதலில் அந்தக் குன்றேறிய பையனைச் சீட்டுக்கட்டிலிருந்து விடுவித்துவிடுவோம். ஜாக் என்பது ஜான் என்ற பெயரின் செல்ல வடிவம். ஊரெல்லாம் ஜான்களாக இருந்த இங்கிலாந்தில், 'யாரோ ஒரு பையன்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ஜாக் என்றார்கள். நாம் குப்பன், சுப்பன் என்கிறோமே, அதுபோல. தண்ணீர் எடுக்கப் போனவன், அவரைக்கொடியில் ஏறியவன், மூலையில் உட்கார்ந்து பண்டத்துக்குள் கட்டைவிரலை விட்டுப் பழத்தை எடுத்தவன், எல்லோரும் இந்தக் குப்பன்கள்தான். எடுபிடிப் பையன் செய்த வேலையைச் செய்யும் கருவிகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். நம் மெக்கானிக் ஷெட்டில் வண்டியைத் தூக்குகிற ஜாக்கி அப்படி வந்ததுதான்.

ஜாக்கிச் சீட்டுக்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் 'நேவ்'. தொடக்கத்தில் அதற்குப் பொருள் வெறும் பையன். பிறகு வேலைக்காரப் பையன் ஆனது. அதற்கும் பிறகுதான் அயோக்கியன். நீங்கள் அகராதியில் பார்த்தது இந்தக் கடைசிப் பொருளை. வேலை வாங்கியவர்கள், வேலை செய்தவனின் பெயரையே வசவாக்கி வைத்தார்கள். அந்த வசவை உண்மை என்று எடுத்துக்கொண்டு நீங்கள் அவன்மேல் கோபப்படுவதுதான் எனக்கு வருத்தம்.

சரி, பலகாரத் திருட்டுக்கு வருவோம். அந்தப் பாட்டு 1782-ல் லண்டனில் 'யூரோப்பியன் மேகசின்' இதழில் வந்தது. நான்கு பத்திகள், ஒவ்வொரு ஜாதிச் சீட்டுக்கும் ஒன்று. உங்கள் பேத்தி பாடுவது முதல் பத்தியான ஆர்ட்டின் மட்டும். அதிலேயே அவன் ராஜாவிடம் அடி வாங்கி, பலகாரத்தைத் திருப்பிக் கொடுத்து, இனித் திருட மாட்டேன் என்கிறான். இரண்டாவது பத்தியைப் பாருங்கள். இஸ்பேடு ராஜா பணிப்பெண்களை முத்தமிடுகிறார். ராணிக்கு ஆத்திரம். ஆனால் அடி விழுவதும் வீட்டை விட்டு விரட்டப்படுவதும் ராஜாவுக்கு அல்ல, அந்தப் பெண்களுக்கு. அவர்களுக்காக மனம் நொந்து ராணியிடம் மன்றாடுகிறவன் யார்? இஸ்பேடு ஜாக்கி! அவன் கெஞ்சியதால்தான் ராணி மனம் இளகி, இனி அடிப்பதில்லை என்கிறாள். மூன்றாவதில் கிளாவர் ராஜா மனைவியை அடிக்கிறார். ராணியின் பக்கம் நிற்பேன் என்று சபதம் செய்கிறவன் அங்கேயும் ஜாக்கிதான். டைமன் ஜாக்கி மட்டும் திமிர் பிடித்தவன், அவனைத் தூக்கில் போடச் சொல்கிறது நான்காம் பத்தி. ஆக நால்வரில் இருவர் அடிபடும் பெண்களுக்குத் துணை நின்றவர்கள். அந்த இருவரையும் உலகம் மறந்துவிட்டது. பலகாரம் எடுத்தவனை மட்டும் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். நீங்கள் சண்டை போட வேண்டியது இந்த அநியாயத்தோடு.

ஜாக் என்ற பெயர் சீட்டின்மேல் ஒட்டியதும் மேட்டுக்குடிக்குப் பிடிக்காமல்தான். 17-ஆம் நூற்றாண்டில் 'ஆல் ஃபோர்ஸ்' என்ற ஆட்டத்தில் துருப்பு நேவை ஜாக் என்றார்கள். அது சாமானியர் ஆட்டம், அதனால் சொல்லும் மட்டமானது என்று பெயர். டிக்கன்ஸ் 1860-ல் தொடர்கதையாக எழுதத் தொடங்கிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், கொல்லர் வீட்டில் வளர்ந்த பிப் ஒரு பெரிய வீட்டுக்குப் போய்ச் சீட்டாடுகிறான். எதிரே உட்கார்ந்த எஸ்டெல்லா, முதல் ஆட்டம் முடிவதற்குள், இந்தப் பையன் நேவை ஜாக் என்கிறான் பாருங்கள் என்று ஏளனம் செய்கிறாள். கூடவே அவன் முரட்டுக் கைக்கும் தடித்த பூட்ஸுக்கும் குத்தல். அது வரைக்கும் தன் கைகளைப் பற்றி வெட்கப்பட அவனுக்குத் தோன்றியதே இல்லை. ஒரு சீட்டின் பெயரை வைத்து ஒரு குழந்தையை இந்த அளவுக்குக் குறுக வைக்க முடிந்திருக்கிறது.

ஆனால் நிலைத்தது பிப்பின் சொல்தான். சீட்டின் மூலையில் எழுத்து அச்சிடும் வழக்கம் பரவியபோது, ராஜாவின் 'கே'யும் நேவின் 'கேஎன்'னும் குழப்பின. 'ஜே' போட்டதும் குழப்பம் தீர்ந்தது. இன்று ஆங்கிலச் சீட்டுக்கட்டில் ஜே-தான்.

சூது பற்றிப் பயப்படுகிறீர்கள். அந்தப் பாட்டில் யாரும் காசு வைத்து ஆடவில்லை, பேத்தியும் ஆடப்போவதில்லை. விவரம் தெரியும் வயதில் யாழ்ப்பாணத்தார் ஆடும் 304 என்ற சீட்டாட்டத்தை வேண்டுமானால் அவளுக்குக் கற்றுக்கொடுங்கள். அதில் ராணிக்கு 2 புள்ளி, ராஜாவுக்கு 3, ஜாக்கிக்கு 30. அப்புறம், இந்த வாரமே இஸ்பேடு ஜாக்கி பணிப்பெண்களுக்காகப் பேசிய கதையை அவளுக்குச் சொல்லுங்கள். ராஜா செய்த தப்புக்கு அந்தப் பெண்களை ஏன் அடித்தார்கள் என்று அவள் கேட்டால், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.