மலையில் லான் மோவர்: வாங்கியவர்கள் கேட்கிறார்கள்

மழை ஓய்ந்ததும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: உட்கார்ந்து ஓட்டும் லான் மோவர், அதாவது புல் வெட்டும் வண்டி. ஆகவே இந்த முறை முழு இடமும் அதற்கே.

கேள்வி: மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற மோவர். இப்போது சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. செல்ஃப் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: பொறுங்கள். ‘டிக்’ கேட்கிறது என்றால் ஃபியூஸ், சாவி, சீட் சுவிட்ச் (சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது) எல்லாவற்றையும் தாண்டி சோலினாய்டு வரை, அதாவது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச் வரை, கரண்ட் வந்துவிட்டது. மோட்டாரைச் சுற்றும் அளவுக்குப் பலம் இல்லை. முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான் வர வேண்டும். மீட்டர் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஏற்றிய பிறகும் சாவியைத் திருப்பும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது.

அப்புறம் டெர்மினல். உங்கள் ஊர் மூடுபனியில் அதில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும். மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள்; சமையல் சோடா கரைத்த வெந்நீரும் கம்பி பிரஷும் போதும். மைனஸ் ஒயர் சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) சேரும் இடத்து போல்ட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. அங்கே துருப்பிடித்தால் புது பேட்டரி போட்டாலும் இதே ‘டிக்’தான். இவ்வளவும் சரியாக இருந்தால் சோலினாய்டு, அதற்கும் பிறகுதான் மோட்டார்.

சத்தமே வராத வண்டிக்கு வழி வேறு: பிரேக் பெடலை முழுசாக மிதித்தீர்களா, பிளேடு சுவிட்ச் அணைந்திருக்கிறதா, சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எதையும் அளந்து பார்க்காமல் மோட்டாரை மாற்றச் சொன்ன மெக்கானிக்கிடம், கழற்றிய பழைய மோட்டாரைத் திருப்பித் தருவாரா என்று கேளுங்கள்.

கேள்வி: சீட் சுவிட்ச் அடிக்கடி தகராறு செய்ததால் மெக்கானிக் இரண்டு ஒயரையும் முறுக்கி இணைத்துவிட்டார். இப்போது நன்றாக ஓடுகிறது. ஏதாவது பிரச்சினை வருமா? (வாசகர், குன்னூர்)

பதில்: வரும். சரிவில் நீங்கள் சறுக்கி விழுந்தால் பிளேடு நிற்காது. இன்றே ஒயரைப் பிரித்துப் புது சுவிட்ச் போடுங்கள், போடும்வரை வண்டியைத் தொடாதீர்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் 17 குதிரைத்திறன் மோவர் வாங்கினேன். கடையில் சீறிக்கொண்டு ஓடியது. ஊட்டிக்கு வந்ததிலிருந்து ஏற்றத்தில் திணறுகிறது, கரும்புகை விடுகிறது, பிளக் கரி பிடிக்கிறது. ‘வண்டியில் குறையே இல்லை’ என்கிறார் கடைக்காரர். ஏமாற்றிவிட்டாரா? (வாசகர், உதகமண்டலம்)

பதில்: வண்டியில் குறை இல்லை என்பது உண்மைதான். உங்கள் ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் இந்த இஞ்சின்கள் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். உங்கள் 17, அங்கே சுமார் 13 ஆகிவிடும். காற்று மெலிந்து பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே போவதால்தான் கரும்புகை. கார்புரேட்டரில் உயரமான இடங்களுக்கென்று வரும் சிறிய மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள திருகு) போட்டால் புகை நிற்கும், பலமும் கொஞ்சம் திரும்பும். இஞ்சின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஜெட்டோடு வண்டியை மேட்டுப்பாளையம் பக்கம் இறக்கி ஓட்டாதீர்கள். பெட்ரோல் போதாமல் இஞ்சின் சூடேறிப் பழுதாகும்.

ஆனால் ‘ஊட்டிக்குக் கொண்டு போகிறேன்’ என்று நீங்கள் சொல்லியிருந்தால், ஜெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது விற்றவரின் கடமை. அதைச் சொந்தச் செலவில் மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: சோக் இழுத்தால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. பங்க்கில் கலப்படப் பெட்ரோல் போட்டுவிட்டார்களா? (வாசகர், கூடலூர்)

பதில்: பங்க் மேல் பழி போடாதீர்கள். மழைக்கு முன்னால் ஊற்றிய பெட்ரோல்தானே அது? இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாளானால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். மிச்சம் பிசினாகி ஜெட்டை அடைக்கும். டாங்க்கைக் காலி செய்யுங்கள், கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள், ஜெட் துளையைக் கிளீனர் அடித்து ஊதிவிடுங்கள். கம்பி விட்டுக் குடையக் கூடாது. அடுத்த மழைக்கு முன் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, பெங்களூரு தனியார் ஒருவரிடமிருந்து பழைய மோவர் வாங்கினேன். முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். பில் இல்லை. வந்த வண்டி பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் ஏற்றத்தில் நகரவே மாட்டேன் என்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: அவர் வியாபாரி அல்ல, வீட்டில் கிடந்ததை விற்றவர். நுகர்வோர் ஆணையம் உங்களுக்குப் பொருந்தாது. தெரிந்தே பழுதை மறைத்தார் என்று காட்ட முடிந்தால் சிவில் நீதிமன்றம்தான் வழி. அதற்கும் கையில் ஒரு துண்டுக் காகிதம் வேண்டும்.

எத்தனை தடவை எழுதுவது? சூடானதும் இழுவை போவது ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பாக்ஸ் (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டுவது) தேய்ந்ததன் அடையாளம். நேரில் போய் அரை மணி நேரம் ஓட்டி, பிறகு ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பணத்தை அனுப்பிவிட்டுக் கேள்வி அனுப்பாதீர்கள். முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அது மட்டும் என்றால் தப்பித்தீர்கள்.

கேள்வி: வெட்டிய புல் ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் கட்டை. பிளேடு மாற்ற வேண்டுமா? (வாசகர், குன்னூர்)

பதில்: முதலில் நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள்.

கேள்வி: அப்பா வீட்டுத் தோட்டத்துக்கு மதுரையில் புது மோவர் வாங்கினோம். இரண்டு வருட வாரண்டி. மூன்றாவது வாரம் பிளேடைச் சுற்றும் ஸ்பிண்டிலில் பேரிங் உடைந்தது. ‘இங்கே கொண்டு வந்தால் பார்க்கிறோம், மலைக்கு ஆள் அனுப்ப மாட்டோம், ஸ்பேர் வர இரண்டு மாதம் ஆகும்’ என்கிறார்கள். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறது. அப்பா மனமுடைந்து போயிருக்கிறார். (வாசகி, கொடைக்கானல்)

பதில்: அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள்: தவறு அவர் பக்கம் இல்லை. பில் வாங்கியிருக்கிறார், வாரண்டி அட்டை வாங்கியிருக்கிறார். வாங்குபவர் செய்ய வேண்டியதெல்லாம் செய்திருக்கிறார்.

பில்லில் அச்சடித்த அந்த வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மூன்றாவது வாரம்தான் ஆகிறது. அதனால் இன்றே எழுதுங்கள். உடைந்த பேரிங்கின் படம், பில், வாரண்டி அட்டை நகல்களோடு ஸ்பீடு போஸ்ட்டில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் அனுப்புங்கள். போனில் பேசியதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். நகரவில்லை என்றால் மதுரைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திண்டுக்கல் ஆணையத்தில், புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கியது என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். ரிசார்ட்டுக்கு வாங்கியதாக இருந்தால் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

இந்த ‘கீழே கொண்டு வா’ என்ற பதில் மேல் எனக்கு ஆறாத கோபம். விற்கும்போது பிக்கப் வைத்து வத்தலக்குண்டு வழியாக மேலே ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிப் போகத் தெரிகிறது. பழுதானதும் மலை தூரமாகிவிடுகிறது. இருநூறு கிலோ வண்டியை ஒரு பேரிங்குக்காகக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கச் சொல்வது வாரண்டியே இல்லை என்று சொல்வதுதான். நீலகிரியிலும் இதே கதை. எனக்கு ஒரு கடை விற்ற பிரஷ் கட்டரில் (கையில் பிடித்துப் புல் வெட்டும் இயந்திரம்) கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர் உடைந்தபோது, ‘அந்த மாடல் இப்போது வருவதில்லை’ என்று கையை விரித்தார்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் இல்லை. அன்றிலிருந்து நான் எதை வாங்கினாலும் மூன்று கேள்வி கேட்கிறேன்: பெல்ட், பிளேடு, ஸ்பிண்டில் இப்போது கடையில் இருக்கிறதா? என் ஊருக்கு யார் வருவார்? அந்தச் செலவு யாருடையது? பதிலை பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வேன். மறுத்தால் வாங்க மாட்டேன்.

கேள்வி: வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர் சரிவு. எந்த மோவர் நல்லது? (வாசகர், கோத்தகிரி)

பதில்: பத்து மீட்டர் தூரத்துக்கு 2.7 மீட்டருக்கு மேல் நிலம் ஏறினால் அது 15 டிகிரியைத் தாண்டிய சரிவு. அங்கே உட்கார்ந்து ஓட்டும் வண்டி எதுவும் வேண்டாம், கவிழும். பிரஷ் கட்டர் வாங்குங்கள். அதற்குக் குறைந்த சரிவு என்றால் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே ஓட்டாதீர்கள். ஈரப் புல்லில் எந்தப் பக்கமும் வேண்டாம்.

கேள்வி: ஒரிஜினல் பிளேடு பெல்ட் விலை அதிகம். ஆட்டோமொபைல் கடையில் அதே அளவு பெல்ட் கால் விலைக்குக் கிடைக்கிறது. போடலாமா? (வாசகர், உதகமண்டலம்)

பதில்: ‘அதே சைஸ்தான்’ என்று சொல்லி எனக்கும் ஒருவர் விற்றார். சில நாளிலேயே நூல் நூலாகப் பிரிந்தது. பிளேடு போடும்போதெல்லாம் இந்த பெல்ட் வழுக்கி, இறுகி, இழுபட வேண்டும். அதற்கென்றே உள்ளே கெவ்லார் என்ற மிக உறுதியான செயற்கை நார் வைத்துச் செய்கிறார்கள். சாதாரண பெல்ட்டில் அது இருக்காது. ஒரிஜினலே போடுங்கள். கையோடு இன்னொன்றும் வாங்கி வெயில் படாமல் வையுங்கள்.