ஆறு வாரமாக நிற்காத இருமல்

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து ஆறு வாரமாக இருமல். மெடிக்கலில் கேட்டு மூன்று சிரப் மாற்றிவிட்டேன். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் மாமியார். அதுதான் காரணமா? – ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: குளிர் மட்டும் ஆறு வாரம் இருமவைக்காது அம்மா. சளிக் கிருமி தொற்றியிருக்கலாம். அது மூச்சுக்குழாயின் உட்பக்கம் சளியை வெளியே தள்ளும் நுண்ணிழைகளைச் சிதைத்துவிடும். அவை மறுபடி முளைக்கும்வரை சளியைத் தள்ளும் வேலையை இருமல்தான் செய்கிறது. இரண்டு மூன்று வாரம் இருமுவது அதனால்தான். நாலு வாரம் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும்.

முதலில் முதுகில் காது வைத்துக் கேளுங்கள். கரகரவென்று சளி இரைகிறதா? இந்த வயதில் நான் முதலில் சந்தேகிப்பது மூச்சுக்குழாயில் தங்கிவிட்ட பாக்டீரியாவைத்தான். காய்ச்சல் இருக்காது, பிள்ளை ஓடியாடும், எக்ஸ்ரேகூடச் சுத்தமாகத் தெரியலாம். அதனாலேயே பலருக்கு இது தப்பிப்போகிறது. இக்கிருமிகள் தங்களைச் சுற்றி ஒரு படலம் கட்டிக்கொள்வதால் மூன்று நாள் மருந்துக்கு அடங்காது. டாக்டர் பார்த்து எழுதும் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் இரண்டு வாரம் தேவைப்படும். கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோகும். சளி வெளியே வரவில்லையே என்று நினைக்காதீர்கள், நாலு வயதுப் பிள்ளை அதை விழுங்கிவிடும்.

வறட்டு இருமலா? இரவிலும் விடியற்காலையிலும் ஓடும்போதும் கூடினால் ஆஸ்துமாவாக இருக்கலாம். உங்கள் பகுதித் தறிகளின் பஞ்சுத்தூசி, ஏற்காட்டு வீடுகளின் ஈரச்சுவர்ப் பூஞ்சை, பழைய கம்பளி எல்லாமே அதைக் கிளப்பும். தூங்கியதும் அறவே நிற்கிற இருமல் பழக்கத்தால் வருவதாக இருக்கலாம்.

நிலக்கடலையோ புளியங்கொட்டையோ புரையேறி அதிலிருந்து தொடங்கியதா? யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலும் உதடு நீலம் பாரித்தாலும் அப்படித்தான். எடை குறைந்திருந்தாலோ வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலோ அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பரிசோதிக்கலாம்.

சிரப்பை நிறுத்திவிடுங்கள். வெளியேற வேண்டிய சளியை உள்ளேயே அடக்கிவைக்கும் மருந்துகளும் அவற்றில் உண்டு. கக்குவான் இருமலுக்கான ஊசி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க, தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு குழந்தைகள் நல மருத்துவரிடம் போங்கள். அப்புறம், இரவில் அவள் இருமும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். டாக்டர் முன்னால் பிள்ளைகள் பல நேரம் இருமுவதே இல்லை.